நறுமணமும் நீதிமன்றமும்

திருமண வீட்டின் வாயிலில் பன்னீர் தெளித்து, சந்தனம் தந்து வரவேற்பது நம் வழக்கம். வெள்ளிக்கிழமைக் குளிப்பும், வெளுத்த உடுப்பும், காது மடலில் செருகிய அத்தர்ப் பஞ்சும் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வந்துள்ள பழக்கங்கள். ஜவ்வாது, கஸ்தூரி, அம்பர், ஊது என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் பெருநாள் காலையொன்று நினைவில் எழாதவர் நம்மில் அரியர். இத்தகைய மக்களிடம், “நறுமணத்தால் ஒருவருக்குத் தீங்கு விளையுமா? விளைந்தால் அவர் நீதிமன்றத்தின் படியேறலாமா?” என்று வினவினால், புன்னகையே விடையாகக் கிடைக்கும்.

ஆயினும் இஃது விளையாட்டு வினா அன்று. சென்ட் பூசிய ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்ததும் மூச்சிரைக்கத் தொடங்கி, இருக்கையை விட்டு எழுந்து வெளியேற நேர்பவர்கள் உலகெங்கும் உளர். அதனால் வேலையை இழந்தவர்கள் உளர். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்ல அஞ்சி வீட்டுக்குள்ளேயே அடைபட்டவர்கள் உளர். இவர்கள் சட்டத்தின் கதவைத் தட்டிய வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு. அதன் வேர்களோ அதனினும் பன்மடங்கு பழையவை. அவற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நாற்றத்துக்கு ஒரு சட்டம்

நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்தில்தான் அது மூக்கைப் பொத்தச் செய்யும் கெட்ட வாடைக்குப் பெயராயிற்று. மணம் என்பதும் நாற்றம் என்பதும் ஒரே காற்றில் வருவனவே. அதைச் சுவாசிக்கும் மனிதனைப் பொறுத்தே இரண்டும் வேறுபடுகின்றன என்பதை நம் மொழியே சொல்லாமற் சொல்கிறது.

பிறர்க்குத் துன்பம் தரும் வாடையைப் பொது இடத்தில் கட்டுப்படுத்தும் எண்ணம் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. பச்சைப் பூண்டும் வெங்காயமும் தின்றவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பூண்டு விலக்கப்பட்ட உணவு அன்று. வீட்டில் தின்பவரை யாரும் தடுக்கவில்லை. பலர் கூடி நிற்கும் இடத்திற்கு அந்த வாடையைக் கொண்டு வருவதே தடுக்கப்பட்டது. பொருளுக்குத் தடையில்லை, பொது இடத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இந்நுட்பமான வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பின்னால் வரும் வழக்குகள் பலவும் இதனையே சுற்றிச் சுழலக் காண்போம்.

ஐரோப்பாவில் வாடை பற்றிய வழக்குகளில் புகழ்பெற்றது இங்கிலாந்தில் 1610ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட ஆல்ட்ரெட் வழக்கு. நார்ஃபோக் வட்டாரத்தில் ஒருவர் தம் அண்டை வீட்டாரின் சுவருக்குப் பக்கத்திலேயே பன்றிக் கொட்டில் ஒன்றைக் கட்டினார். துர்நாற்றத்தால் வீட்டில் குடியிருக்க முடியவில்லை என்று அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தார். பன்றி வளர்ப்பது மனிதன் பிழைப்புக்கு வேண்டியது. அதன் வாடையைப் பொறுக்கமாட்டாத அளவுக்கு ஒருவர் மென்மையான மூக்கு வைத்திருத்தலாகாது என்பது எதிர்தரப்பின் வாதம். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஒருவர் வீட்டின் காற்றைக் கெடுப்பது அவர்க்கு இழைக்கும் தீங்கே என்று தீர்ப்பாயிற்று. அன்று தோற்ற அந்த ‘மென்மையான மூக்கு’ வாதம் மட்டும் சாகவில்லை. நானூறு ஆண்டு கடந்தும் அது புதுப்புது உடை உடுத்து நீதிமன்றங்களுக்கு வந்தவண்ணமே இருக்கிறது.

அதே நூற்றாண்டில் நறுமணமோ நோய்க்கு மருந்தென மதிக்கப்பட்டது. கெட்ட காற்றே கொள்ளை நோய்க்குக் காரணம் என்று மக்கள் நம்பிய காலம் அது. 1661இல் லண்டன் நகரின் கரிப்புகையைக் கண்டித்து நூல் எழுதிய ஜான் ஈவ்லின், நகரைச் சுற்றி மல்லிகையும் ரோஜாவும் லவெண்டரும் போன்ற மணச்செடிகளை நட்டால் காற்று தூய்மையாகும் என்று யோசனை கூறினார். நாற்றம் குற்றவாளி, மணம் காவலாளி. இதுவே அக்காலத்துக் கருத்து. காவலாளியே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நாள் வருமென்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்.

நிலக்கரித் தாரில் பூத்த மலர்கள்

மலரிலிருந்தும் மரத்திலிருந்தும் மணத்தை வடித்தெடுக்கும் கலையில் அரபு உலகம் வழிகாட்டியாக விளங்கிற்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் அவற்றை வடிக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே யாத்தார். அதில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. ஆனால் அவ்வழியில் கிட்டும் மணம் அரிது, விலையோ பெரிது. ஒரு துளி அத்தர் ஒரு வாரம் வரும். அதனைப் பூசுவோரும் துளி கணக்கிலேயே பூசினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை தலைகீழாயிற்று. செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த ஆங்கில வேதியியலார் வில்லியம் பெர்க்கின், 1868இல் கூமரின் என்னும் மணப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார். புதிதாக அறுத்த புல்லின் இனிய மணம் அதற்கு உண்டு. அது பிறந்ததோ நிலக்கரித் தாரின் வழிப்பொருள்களிலிருந்து. 1874இல் ஜெர்மானியர் தீமனும் ஹார்மனும் வனிலாவின் மணத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1888இல் ஆல்பர்ட் பாயர் என்பார், டி.என்.டி. வெடிமருந்தை ஒத்த பொருள்களை ஆராய்ந்துகொண்டிருக்கையில் கஸ்தூரி மணம் வீசும் பொருளொன்றைத் தற்செயலாகக் கண்டார். இமயத்து மானின் வயிற்றில் விளைந்த கஸ்தூரிக்கு, வெடிமருந்தின் உறவினர் ஒருவர் போட்டியாக வந்த விந்தையை என்னென்பது! 1921இல் வெளிவந்த ‘ஷனெல் ஐந்தாம் எண்’ என்னும் புகழ்பெற்ற வாசனைத் திரவியம், ஆல்டிஹைடு என்னும் செயற்கைப் பொருள்களை வெளிப்படையாகவே தன் தனிச்சிறப்பாக்கிக்கொண்டது.

இதனால் நன்மை இல்லாமலில்லை. செல்வர் வீட்டு மணம் ஏழை வீட்டுக்கும் வந்தது. ஆனால் அது வந்த வழியில் நிற்கவில்லை. சோப்பிலும், ஷாம்பூவிலும், துணி வெளுக்கும் தூளிலும், தரை துடைக்கும் திரவத்திலும், கொசு விரட்டியிலும், குப்பைப் பையிலும் புகுந்தது. சுவரில் செருகிவிட்டால் நாள் முழுதும் மணம் கக்கும் கருவிகள் வந்தன. இன்று இத்தொழிலில் பயன்படும் மணப்பொருள்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஒரு காலத்தில் ஒருவர் தம் விருப்பத்தால் பூசிக்கொண்ட மணம், பிறர் விருப்பத்தைக் கேளாமல் அவர் நாசிக்குள் புகும் பொருளாயிற்று.

மருத்துவர்கள் கண்டது

தீங்கு உண்டா என்பதற்கு முதலில் சான்று தந்தவர்கள் தோல் மருத்துவர்கள். 1970களில் அமெரிக்க மருத்துவர் வால்ட்டர் லார்சன், வாசனைப் பொருளால் தோலழற்சி கண்ட நோயாளிகளை ஆராய்ந்து, அத்தகைய ஒவ்வாமையைக் கண்டறிய ஒரு கலவையை வகுத்தார். 1977இல் வெளிவந்த அவ்வாய்வின் வழிவந்த சோதனை இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. ஐரோப்பிய மக்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை வாசனைப் பொருள்களுக்கு ஒவ்வாமை உடையவர்கள் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியற் குழு 2012இல் மதிப்பிட்டது.

அடுத்து வந்தது மூச்சைப் பற்றிய சான்று. 1986இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஷிம், வில்லியம்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் ஆஸ்துமா நோயாளிகள் 60 பேரிடம் விசாரித்தனர். அவர்களில் 57 பேர், ஏதேனும் ஒரு வாடையோ மணமோ தங்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்குவதாகக் கூறினர். நால்வரைச் சென்ட் மணத்தின் எதிரில் பத்து நிமிடம் இருத்திச் சோதித்தபோது, அவர்கள் ஊதி வெளிவிடும் மூச்சின் அளவு 18 முதல் 58 விழுக்காடு வரை குறைந்தது. நால்வர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் மூச்சு பாதியாகக் குறைந்தவருக்கு அது சிறிய செய்தி அன்று.

சில மணப்பொருள்கள் நரம்புக்கே கேடு செய்வனவாக விலங்குச் சோதனைகளில் தெரியவந்தன. ஏ.ஈ.டி.டி. என்னும் பொருள் அவ்வாறு 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. செயற்கைக் கஸ்தூரி வகையைச் சேர்ந்த மஸ்க் ஆம்பிரெட், தோலில் வெயில் பட்டதும் அழற்சி உண்டாக்குவதாலும் நரம்பைத் தாக்குவதாலும் பின்னர் விலக்கப்பட்டது. இவை பல்லாண்டுகள் மக்கள் மேனியில் பூசப்பட்ட பின்னரே கண்டறியப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

இவ்வளவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஐயத்துக்கு உட்பட்ட பகுதியும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மிகச் சிறிய அளவு வேதிப்பொருள் பட்டாலும் தலைவலி, மயக்கம், நெஞ்சடைப்பு, நினைவுக் குழப்பம் எனப் பல துன்பங்களுக்கு ஆளாவோர் ஒரு சாரார். சிகாகோ மருத்துவர் தெரன் ராண்டால்ஃப் 1950களிலிருந்து இவர்களைப் பற்றி எழுதினார். 1987இல் மார்க் கல்லன் என்னும் மருத்துவர் இந்நிலைக்குப் ‘பல்வேதி மிகையுணர்வு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஆனால் இன்னது பொருள், இன்னது வெறுங்காற்று என்று தெரியாதபடி மறைத்துச் செய்த சோதனைகளில் இவர்களால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று காட்டிற்று. துன்பம் பொய்யன்று, அதன் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் ஒருமுகமாக ஏற்கவில்லை என்பதே உண்மை. நீதிமன்றத்தில் இவர்களுக்கு நேர்ந்த இடர்ப்பாடுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

புகையிலை போட்ட பாதை

இன்னொரு காரணம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. காற்றைக் கெடுத்தல் குற்றம் என்று ஆல்ட்ரெட் வழக்கு சொன்னது உண்மை. ஆனால் யாருடைய மூக்கைக் கொண்டு அளப்பது? சாதாரண மனிதனின் மூக்கைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் கொள்கை. 1889இல் வந்த ராபின்சன் வழக்கு இதற்குச் சான்று. கீழ்த்தளத்தில் மூட்டிய வெப்பத்தால் மேல்தளத்து வணிகரின் பழுப்புக் காகிதம் உலர்ந்து எடை குறைந்தது. சாதாரணக் காகிதத்துக்கு அவ்வெப்பம் தீங்கு செய்யாது. மென்மையான சரக்கை வைத்திருப்பவர் அதற்காகப் பிறரைக் குறைகூற இயலாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. காகிதத்துக்குச் சொன்ன நீதி மனிதனுக்கும் பொருந்துமானால், பலருக்கு இனிக்கும் மணத்தால் சிலருக்கு மூச்சு முட்டும்போது அச்சிலருக்குப் புகலிடமே இல்லை.

இந்தக் கதவைச் சற்றே திறந்தது சிகரெட் புகை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய பெண் செயலர் ஒருவருக்குப் புகையிலைப் புகை ஒவ்வாது. உடன் பணிபுரிவோர் புகைப்பதால் தமக்கு நோய் உண்டாகிறது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1976இல் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் தன் தொலைபேசிக் கருவிகள் பழுதாகக் கூடாதென்று அவற்றின் அருகே புகைப்பதை முன்னமே தடுத்திருந்தது. எந்திரத்தின்மேல் இத்துணைக் கவலை கொண்டவர்கள் மனிதர்மேலும் அவ்வளவேனும் கவலை கொள்ள வேண்டாமா என்று நீதிபதி கேட்டார். அக்கேள்வி அவ்வழக்கோடு முடிந்துவிடவில்லை.

1982இல் வாஷிங்டன் மாநிலத்தில் வேறொரு தீர்ப்பு வந்தது. புகை ஒவ்வாமை உடைய அரசு ஊழியர் ஒருவரைச் சட்டப்படி உடற்குறை உடையவராகவே கருதலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அலுவலகம் இயன்ற ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது என்று கூறி அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. வழக்கில் அவர் தோற்றார், கொள்கையில் வென்றார். ‘சாதாரண மனிதன்’ என்னும் அளவுகோலை விட்டு ‘உடற்குறை உடைய மனிதன்’ என்னும் அளவுகோலுக்குச் சட்டம் திரும்பியது இங்கேதான். முன்னது, மூக்கு மென்மையானது என்பதற்காகவே ஒருவரை வெளியே நிறுத்தும். பின்னது, அந்த மென்மைக்காகவே அவரை உள்ளே அழைக்கும்.

நம் நாட்டிலும் இப்பாதையின் தடம் உண்டு. காற்றை உடல்நலத்துக்குக் கேடாகும்படி மாசுபடுத்துவோர்க்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு விதித்திருந்தது. பல்லாண்டு தூங்கிக்கிடந்த அப்பிரிவையும், பொதுத் தொல்லை பற்றிய 268ஆம் பிரிவையும் துணைக்கொண்டே கேரள உயர்நீதிமன்றம் 1999இல் பொது இடத்தில் புகைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அக்குற்றம் 280ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அபராதம் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது.

மூச்சும் ஓர் உரிமை

1990இல் அமெரிக்கா உடற்குறை உடையோர்க்கான பெருஞ்சட்டத்தை இயற்றிற்று. வாழ்வின் இன்றியமையாச் செயல் ஒன்றைப் பெரிதும் தடுக்கும் குறைபாடு உடையவர்க்கு, முதலாளி நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். மூச்சுவிடுதல் அத்தகைய செயல் அன்றோ? ஆயினும் அடுத்த ஆண்டு விதிகளை வகுத்த நீதித்துறை, வாசனைக்கும் புகைக்கும் ஒவ்வாமை உடைய யாவரும் இச்சட்டத்துள் அடங்குவர் என்றும் கூறவில்லை, அடங்கார் என்றும் கூறவில்லை. அவரவர் நிலையைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்று நிறுத்திக்கொண்டது. வீட்டுவசதித் துறை மட்டும் 1992இல் ஒரு படி முன்சென்று, பல்வேதி மிகையுணர்வும் உடற்குறையாகலாம் என்று தன் சட்டக் குறிப்பில் ஒப்புக்கொண்டது.

பின்னர் 1999இலும் 2002இலும் அமெரிக்க உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்புகள் உடற்குறை என்பதன் இலக்கணத்தைச் சுருக்கிவிட்டன. கீழ்நீதிமன்றங்களில் வழக்குகள் பல வாயிலிலேயே தள்ளப்பட்டன. சென்ட் மணத்தால் மூச்சிரைப்பவர், மணமில்லாத இடத்தில் நலமாகத்தானே இருக்கிறார் என்பது எதிர்தரப்பாருக்குக் கைகொடுத்த வாதம். இக்குறையை நீக்க அமெரிக்கக் காங்கிரஸ் 2008இல் சட்டத்தைத் திருத்திற்று. மூச்சுவிடுதல் இன்றியமையாச் செயல் என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டது. விட்டுவிட்டு வரும் நோயும், வந்த வேளையில் பெரிதும் தடுக்குமானால் உடற்குறையே என்றும் வரையறுக்கப்பட்டது.

இத்திருத்தம் இயற்றப்பட்ட காலத்தை ஒட்டி டெட்ராய்ட் நகராட்சி ஊழியரான ஒரு பெண்மணியின் வழக்கு எழுந்தது. புதிதாக வந்த சக ஊழியர் ஒருவர் பூசிய சென்டாலும், அவர் சுவரில் செருகிவைத்த மணக்கருவியாலும் தமக்கு மூச்சு முட்டுகிறது என்பது அவர் முறையீடு. வழக்கைத் தள்ளிவிட வேண்டுமென்ற நகராட்சியின் வேண்டுகோளை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2010இல் இரு தரப்பாரும் உடன்பாட்டுக்கு வந்தனர். அப்பெண்மணிக்கு 1,00,000 டாலர் ஈடு கிடைத்தது. அதனினும் பெரிது, நகராட்சியின் மூன்று கட்டடங்களில் தொங்கவிடப்பட்ட அறிவிப்பு. சென்ட், முகச்சவரத்துக்குப் பின் பூசும் திரவம், மணமூட்டிய தைலங்கள், தலைமயிர் ஸ்பிரே, மணமெழுகுவத்தி ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அது ஊழியரைக் கேட்டுக்கொண்டது. இதற்கிடையே 2009இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே தன் கட்டடங்களில் வாசனைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. உடற்குறை உடையோர்க்கான அரசு வாரியமோ 2000ஆம் ஆண்டிலேயே தன் கூட்டங்களுக்கு மணமின்றி வருமாறு வேண்டியிருந்தது.

கனடாவும் ஜப்பானும்

கனடாவின் ஒன்ட்டாரியோ மாநிலம், நீதிபதி ஜார்ஜ் தாம்சன் தலைமையில் ஒரு குழு அமைத்து 1985இலேயே இச்சிக்கலை ஆராய்ந்தது. ஹாலிஃபாக்ஸ் நகரில் மருத்துவமனை ஊழியர் பலர் உள்ளிருந்த காற்றால் நோயுற்ற நிகழ்ச்சிக்குப் பின், 1990களில் அங்குப் பல பள்ளிகளும் பல்கலைக்கழகமும் மணமில்லா இடங்களாக அறிவிக்கப்பட்டன. 2007இல் கனடிய மனித உரிமை ஆணையம், சுற்றுச்சூழல் மிகையுணர்வு உடையோர் உடற்குறை உடையோர்க்குரிய பாதுகாப்புக்கு உரியவர் என்று கொள்கை வகுத்தது. நோயின் காரணத்தை மருத்துவர் தீர்த்துச் சொல்லும் வரை துன்புறுவோர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள்.

இவ்வழியில் மிகையும் நேர்ந்ததுண்டு. 2000ஆம் ஆண்டில் ஹாலிஃபாக்ஸ் நகரம் இருக்கும் மாநிலத்தில், தலைமயிர்ப் பசையும் மணத் திரவமும் பூசி வந்த பள்ளி மாணவன் ஒருவன்மீது ஆசிரியை புகார் செய்ய, போலீசார் விசாரணைக்கு வந்தனர். வழக்கு ஏதும் பதிவாகவில்லை. ஆனால் ஒரு சிறுவனின் தலைமயிருக்குப் போலீசை அழைப்பதா என்னும் ஏளனம் நாடெங்கும் எழுந்தது. நியாயமான கோரிக்கையும் அளவு கடந்தால் தன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஜப்பானியர் இதற்கென ஒரு சொல்லையே படைத்தனர். அவர்கள் மொழியில் ‘கோகாய்’ என்றால் பொது மாசு. ஆலைக் கழிவால் ஊர்கள் நோயுற்ற காலத்தின் கசப்பான சொல் அது. அதே ஒலியில், ‘மணம்’ என்னும் எழுத்தை முன்வைத்து ‘மணத் தீங்கு’ என்னும் பொருளில் எழுதினர். துணியை மென்மையாக்கும் மணத் திரவங்கள் பெருகியதன் விளைவு அச்சொல். 2009இல் வேதி மிகையுணர்வு அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டின் நோய்ப் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் அரசின் ஐந்து துறைகள் சேர்ந்து, உங்கள் மணத்தால் யாரேனும் துன்புறக்கூடும் என்று நினைவூட்டும் சுவரொட்டியை வெளியிட்டன. தடையில்லை, தண்டனையில்லை, பண்பாட்டின் மொழியில் ஒரு வேண்டுகோள் மட்டுமே.

புட்டியின் மேல் ஒரு சொல்

தனி மனிதர் வழக்காடியது ஒரு பக்கம். புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமைக்கான போராட்டம் மறுபக்கம். அமெரிக்காவில் வணிக மறைபொருளைக் காப்பது என்னும் பெயரால், நூறு பொருள் கலந்திருந்தாலும் ‘வாசனை’ என்னும் ஒற்றைச் சொல்லை மட்டும் புட்டியின்மேல் அச்சிட்டால் போதும் என 1970களின் விதிகள் இடமளித்தன. எது தம்மைத் தாக்குகிறது என்றே தெரியாதவர் எதைத் தவிர்ப்பது? எதைச் சொல்லி வழக்காடுவது?

ஐரோப்பா வேறு வழி சென்றது. ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டுமென்று 2003இல் சட்டம் இயற்றிற்று. மிகுந்த ஒவ்வாமை விளைத்த லைரால் என்னும் பொருளை 2017இல் விலக்கி, 2021க்குள் கடைகளிலிருந்து அகற்றியது. இனப்பெருக்க ஆற்றலுக்குக் கேடென்று கருதப்பட்ட லிலியால் 2022 மார்ச்சில் தடைசெய்யப்பட்டது. 2023இல் பெயர் அச்சிட வேண்டிய பொருள்களின் பட்டியல் எண்பதைத் தாண்டியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 2020இல் ஒரு சட்டம் இயற்றி, கேடு தரும் மணப்பொருள்களை அரசுக்குத் தெரிவிக்கச் செய்தது. 2022 டிசம்பரில் நாடு முழுமைக்குமான அழகுப்பொருள் சட்டமும் வந்தது. ஒவ்வாமைப் பொருள்களின் பெயரை அச்சிடுவதற்கான வரைவு விதியை 2024 ஜூனுக்குள் வெளியிட வேண்டுமென்று அது கெடு விதித்தது. அக்கெடு வரைவு ஏதுமின்றியே கடந்து போயிற்று.

முடிவாக

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று வழிகள் புலனாகின்றன. அண்டை வீட்டார் தொல்லை என்று முறையிடுவது முதல் வழி. அது சாதாரண மனிதனைக் காத்தது, மென்மையானவனைக் கைவிட்டது. உடற்குறை என்று முறையிடுவது இரண்டாம் வழி. அது வேலை செய்யும் இடத்தில் ஓரளவு பயன் தந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தம் நோயைத் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும். மூச்சு முட்டுபவரே ஓடியோடிச் சான்று தேட வேண்டும். பொருளையே ஒழுங்குபடுத்துவது மூன்றாம் வழி. அது மெதுவானது, ஆயினும் வழக்காட வசதியற்ற ஏழைக்கும் பயன் தருவது.

பேருந்து நிலையம், மருத்துவமனை, கடைத்தெரு, வழிபாட்டு இடம் போன்றவற்றில் இன்னும் சட்டத்தின் கை பெரிதும் எட்டவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை உடற்குறைகளைப் பட்டியலிடுகிறது. இவர்கள் அதில் இல்லை. நியாயமான ஏற்பாடு என்னும் சொல் மட்டும் அச்சட்டத்தில் இருக்கிறது. சொல் இருக்குமிடத்தில் பொருள் ஒருநாள் வந்து சேரும் என்று நம்பலாம்.

அதுவரையில் நாம் செய்யத்தக்கது யாது? அத்தரைத் துறந்துவிட வேண்டுமென்று யாரும் கூறவில்லை. மணத்தை விரும்புவது நம் மரபு. அது நல்ல மரபு. ஆனால் நம் மரபில் மணம் என்பது துளியளவு. பக்கத்தில் நெருங்கி ஸலாம் சொல்பவருக்கு மட்டும் எட்டுவது. இன்று ஒரு கூடத்தையே நிறைக்கும்படி ஸ்பிரே அடித்துக்கொண்டு, ஆஸ்துமாவுள்ள ஒரு முதியவரின் பக்கத்தில் நாம் அமரும்போது, அவர் எழுந்து வாசற்பக்கம் போனால் அவர் ஏன் போனார் என்று எண்ணிப் பார்க்கிறோமா? பூண்டு தின்றவனைத் தள்ளி நிற்கச் சொன்ன காரணம், பக்கத்தில் நிற்பவனின் துன்பமே. அக்காரணம் பூண்டோடு முடிந்துவிடுவதன்று. நாம் இனிதென்று கருதும் மணம் பக்கத்தில் இருப்பவர் மூச்சை அடைக்குமானால், அவரைப் பொறுத்தவரை அதுவும் பூண்டுதான்.

சட்டம் வர நாளாகும். சில இடங்களில் வராமலும் போகலாம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, “உங்களுக்கு இது ஒத்துக்கொள்கிறதா?” என்று கேட்பதற்கோ எந்தச் சட்டமும் தேவையில்லை.